எட்டு மணிச் சங்கு

அஞ்சலாட்சி போய்ச் சேர்ந்தபோது உள்ளே எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தலைகள் தெரிந்தன.

கேட்டில் நின்றவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய சொல்தா. காலேஜில் சேருவதற்கான பரீட்சை ஒன்பது மணிக்கே ஆரம்பித்தாயிற்று, பத்தாகப் போகிறது, இனிமேல் யார் விடுவார்கள் என்றார்.

சங்கு ஊதவில்லை என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மில்லில் விடியற்காலையிலிருந்து ஸ்ட்ரைக், எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டார்.

அழுகை வரவில்லை. நெல்லித்தோப்பில் இருந்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. அந்தத் தெருவிலேயே கிடையாது. மில் சங்குதான். முதல் சங்குக்கு எழுந்து கணக்கு, அடுத்த சங்குவரைக்கும் சயின்ஸ், எட்டு மணிச் சங்குக்குப் பள்ளிக்கூடம். வருஷம் முழுக்க அப்படித்தான் படித்தாள்.

அடுத்த வருஷம் எழுதினால் இன்னும் நன்றாக எழுதுவாள் என்று டீச்சரம்மா சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. இந்த வருஷம் இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் ஆவணியில் சேதராப்பட்டு மாமனுக்குக் கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த ஒரு தடவையைக்கூட அப்பா கலியமூர்த்திதான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார்.

மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போன அப்பா காலையில் திரும்பவில்லை. வானம் மப்பாகக் கிடந்தது. நேரமே தெரியவில்லை. ராத்திரி சரியாகத் தூங்காததால் முதல் சங்கு ஊதியதா இல்லையா என்றும் அவளுக்கு நினைவில்லை. தலை பின்னிக்கொண்டு, புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பட்டுமா என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டாள்.

"சங்கு ஊதட்டும்டி. இப்பவே போயி கேட்டைக் காவல் காக்கப் போறியா?"

கடைசியில் பொறுக்கமாட்டாமல்தான் எழுந்து ஓடினாள்.

அவள் திரும்பியபோது அம்மா பெரிய மார்க்கெட்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

மத்தியானம் அப்பா வந்தார். கழுத்தில் கதம்ப மாலை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கழுத்தில் ஏறிய முதல் மாலை.

சோறு போட்டாள். பிசைந்துகொண்டே சொன்னார். மேனேஜர் பாய்லர் வரைக்கும் இறங்கி வந்தானாம். ஒரே ஒரு தடவை இழு, சத்தம் கேட்டால் பாதிப் பேர் பழக்கத்தில் வந்துவிடுவார்கள் என்று கெஞ்சினானாம். இத்தனை வருஷம் சங்குச் சங்கிலியை இழுத்த கை. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். ஆட்கள் அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்களாம்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"பரீட்சை என்னாச்சு? நேரத்தோட போனியா?"

"சங்கு ஊதுனதும் கிளம்பிட்டேன்பா."

நல்லது என்று தலையாட்டிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினார்.

கை வாய்க்குப் போகவில்லை.

அவள் ரசத்தை ஊற்றினாள்.