நயமாகச் சொல்லியிருக்கலாம்

முகாமையாளர் உதயரூபன் கடிதத்தை என் பக்கம் திருப்பி, ஒப்பம் வைக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

தமிழில்தான் இருந்தது. ஆனாலும் எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். நாற்பத்தேழு வயதில் படித்த எழுத்து. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.

விருந்தினரின் பிள்ளையைக் கையில் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தேன். தகப்பனைப் பார்த்து 'மஸ்ட்' என்று கத்தினேன். இரண்டும் பிழை, மன்னிக்கவும். இவ்வளவும் நான் சொன்னதாக அதில் இருந்தது.

ஒப்பம் வைக்காவிட்டால் நாளைக்கு வேலை இல்லை. கிரானில் வயல் வெட்ட மெசின் வந்த பிறகு எனக்கு மிஞ்சியது பாசிக்குடாவில், இந்த ஹோட்டல் கரையில் பாசி அள்ளுகிற வேலை ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் யசோதினி டீச்சர் வந்து எங்களுக்கு இங்கிலீஸ் படிப்பிப்பா. கேன் என்றால் ஏலும். மே என்றால் செய்யட்டுமா என்று உத்தரவு கேட்பது. ஷுட் என்றால் செய்தால் நல்லது. மஸ்ட் என்றால் செய்தே தீரவேண்டும். விருந்தினரோடு பேச, செய்ய முடியுமா என்று தயவாகக் கேட்கிற குட், வுட், அதோடு மே. மஸ்ட்டை வாயில் எடுக்கவே கூடாது.

ஆனால் எங்களுக்கென்று குசினிச் சுவரில் ஒட்டிய தாளில் வரிக்கு வரி மஸ்ட். தலைமயிர் வெட்டுவது மஸ்ட், சப்பாத்து மஸ்ட், சிரிப்பும் மஸ்ட். எங்களிடம் ஒருவரும் 'குட் யூ' என்று கேட்டதில்லை.

நேற்றுக் காலை அந்தப் பெண்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில், முகத்தை உள்ளே விட்டு மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பக்கத்தில்தான் நின்றார், கடலுக்கு முதுகைக் காட்டி, போனில் கதைத்துக்கொண்டு.

குளிப்பவர்களுக்காகக் கட்டிய மிதவைக் கயிற்றைத் தாண்டி ஒரு ஸ்பீட் போட் உள்ளே வந்தது.

"குட் யூ ப்ளீஸ் எண்டு நயமாத் தொடங்கியிருக்கலாமே, அண்ணன்" என்றார் உதயரூபன், கடிதத்தைத் தட்டி.

அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். போட்டுக்குத் தெரியுமா?

பாசி அள்ளுகிற வாரியை எறிந்துவிட்டு, தகப்பனைப் பார்த்து 'யூ மஸ்ட் கம்' என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிடித்த பிடியில் பிள்ளையின் கை சிவந்துதான் போனது. அவள் நின்ற இடத்தால்தான் போட் போனது.

பிள்ளையின் தாய் ஓடிவந்து, என் பாசி மணக்கிற கையைப் பிடித்துக்கொண்டு 'தேங்க்யூ' என்று அழுதா. அப்படியென்றால் என்மேல் முறைப்பாடு கொடுத்தது யார் என்று முகாமையாளரிடம் கேட்டேன். உதயரூபன் பேனையை என் பக்கம் தள்ளினார். வெளியே, என்னோடு வேலை செய்கிற கோணாமலை, "மஸ்ட் மாமா எங்க?" என்று யாரிடமோ கேட்டுச் சிரிப்பது கேட்டது.

கடிதத்தை இரண்டாம் முறையும் வாசித்தேன். கையைப் பிடித்தது இருந்தது, கத்தினது இருந்தது, மன்னிப்பும் இருந்தது.

"போட் வந்ததையும் எழுதுங்க சேர். அப்ப ஒப்பம் வைக்கிறன்."

பேனையை மூடிக் கடிதத்தின் மேல் வைத்தேன்.

அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

அந்த ஜன்னலால் பார்த்தால் எங்கள் இறங்குதுறை தெரியும். அதில்தான் அந்த போட் கட்டியிருந்தது. கடிதத்தின் தலைப்பில் இருந்த அதே ஹோட்டல் பெயர்தான் அதன் விலாவிலும் எழுதியிருந்தது.