அனுமதி இல்லாத கை

கால்வாயில் மோட்டார் படகு நின்றதும், புரொப்பெல்லரில் சுற்றிய ஆகாயத்தாமரையை அறுக்கக் கோதண்டம் தண்ணீருக்குள் கையை விட்டான். பாம்பு கடித்தது. மிச்சச் செடியை அவன் மனைவி தேசம்மாள் அறுத்தெறிந்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள்.

“அனுமதி இல்லாத கை பட்டதால் படகு பூட்டப்பட்டது. கம்பெனி மெக்கானிக் நாளை வருவார்,” என்றது இன்ஜின்.

“எங்க ஊட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சு, சாமி. ஆஸ்பத்திரி ரெண்டு மைல்தான்.”

“மெக்கானிக் நாளை வருவார்.”

“மெஷினப் போயி சாமின்றியே,” என்றான் கோதண்டம். நாக்கு குழறியது.

இரு கரையிலும் ஆள் புதையும் சேறு. தேசம்மாள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றைத் தோளில் சுற்றிப் படகை இழுத்தாள். அது மெல்ல நகர்ந்தது. பத்தடி போயிருப்பாள்.

“பூட்டிய படகு திருடப்படுகிறது,” என்றது இன்ஜின்.

நங்கூரம் தானாக இறங்கியது. அவள் இழுப்பதை நிறுத்தவில்லை.