மலையுச்சி ஏஜென்ட்

மலையுச்சியில் மழை அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்குள் குடியிருந்த ஏஜென்ட் என்ற சின்னக் கணினி நிரல், மெஷின் எப்படி இருக்கிறது என்று நகரத்திலிருந்த பெரிய சர்வருக்கு ஓயாமல் சொல்லி அனுப்பும். மழைக்காலம் தொடங்கியதும் அந்தச் சேதி வருவது நின்றுபோனது.

சர்வர் ஒரு கட்டளையைக் கூப்பிட்டது. "மேலே போய்ப் பார்த்துட்டு வா. ஏஜென்ட் அங்கே இல்லைன்னா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடலாம்."

ஒற்றை வரியே உடம்பான அந்தக் கட்டளை, வேறொரு வழியாக மலையேறி மெஷினுக்குள் நுழைந்தது. "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேங்க," என்றது ஏஜென்ட். "சேதி அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். உங்க பக்கம் கதவு திறக்க மாட்டேங்குது. அதனால எல்லாத்தையும் இங்கேயே சேர்த்து வச்சிருக்கேன்."

கட்டளை எட்டிப் பார்த்தது. இடி விழுந்து மின்சாரம் போன பொழுது, பேட்டரி சாகக் கிடந்த பொழுது, விசிறி நின்று மெஷின் கொதித்த பொழுது, அப்போதைய சேதிகள் எல்லாமே வரிசை பிசகாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு சேதிகூட விட்டுப்போகவில்லை.

கட்டளை திரும்பி வந்து, கண்டதைச் சொன்னது. சர்வர் தன் கதவுகளைச் சோதித்தது. பாதுகாப்புக்காகப் பூட்டுகளை மாற்றியபோது, மலைப்பக்கத்துக் கதவைத் தானே அடைத்துவிட்டிருந்தது.

திறந்ததும் சேதிகள் அருவியாய்க் கொட்டின. சர்வர் கடைசி வரிவரை வாசித்தது. பிறகு, எந்த ஏஜென்ட்டிடமும் அதுவரை கேட்காத ஒன்றை மெதுவாகக் கேட்டது.

"நீ எப்படிப்பா இருக்கே?"

ஏஜென்ட்டுக்குக் கேள்வி புரியவில்லை.

"மெஷின் நல்லா இருக்குதுங்க ஐயா," என்றது.