தேனீக்களுக்கான தோட்டம்

மதிலோரம் தானாக முளைத்த தும்பைச் செடிக்கு அன்று தலைகால் புரியவில்லை. தோட்டம் அமைக்க வந்தவரிடம் வீட்டுக்கார அம்மா செல்வாம்பிகை பேசியது அதன் காதில் விழுந்துவிட்டது.

"தண்ணி ஊத்த எனக்கு நேரமில்லீங்க. தானா வளரணும். தேனீ எல்லாம் வரணும்."

"என்னைத்தான் சொல்றாங்க!" என்று தன் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்த தேனீயிடம் பூரித்துப்போய்ச் சொன்னது தும்பை. "நான் என்னிக்காவது தண்ணி கேட்டிருக்கேனா?"

"அவங்க உன் பக்கம் திரும்பவே இல்லையே, அக்கா" என்றது தேனீ.

வந்தவர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "பிரமாதமா செஞ்சிடலாம்மா. முதல்ல இந்தக் களையெல்லாம் பிடுங்கிடுவோம்."

மறுநாள் தேனீ வந்தபோது, தும்பை இருந்த இடத்தில் பரப்பிய கூழாங்கற்களுக்கு நடுவே பளபளவென்று ஒரு நர்சரிச் செடி நின்றது. அதன் பூவுக்குள் தேனீ தலையை விட்டுப் பார்த்தது. தேன் பொட்டுக்கூட இல்லை.

"இது உங்களுக்காகவே போட்ட தோட்டமாம்" என்றது புதுச்செடி. "ஆமா, தண்ணி ஊத்த யாராவது வருவாங்களா?"

தேனீ தேடி அலைந்து, தெருமுனைக் குப்பைமேட்டில் தும்பையைக் கண்டது. வேரெல்லாம் வெயிலில் சுருண்டு கிடந்தது.

"அக்கா..."

"பேசி நேரத்தைப் போக்காதே" என்றது தும்பை. "இன்னும் ஒரு பூ வாடாம இருக்கு. சீக்கிரம் குடிச்சிடு."