இறக்கி மட்டும் வை

"வந்து முழுசா ஒரு நாள் ஆகலை. அதுக்குள்ளே திரும்பக் கிளம்பறியாடா?"

அக்காவின் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். ஆறு வருடம் கழித்து நேற்றுதான் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். வந்தவன் காலையிலேயே அவளுடைய கணினியில் புதிதாக லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன் முன் உட்கார்ந்துவிட்டான்.

"நாளன்னைக்கு அங்கே பன்னிரண்டு பேருக்குக் கணினிப் பரீட்சை, அக்கா. பயிற்சி மென்பொருள் இல்லாம என்ன பண்ணுவாங்க? அங்கேதான் நெட் வாசனையே கிடையாதே! இங்கே இறக்கி மட்டும் வச்சுக்கறேன். நிறுவறதெல்லாம் அங்கே போய்."

"ஒரே ஒரு மென்பொருள்னே. இப்ப நாப்பதாவது இறங்குது?"

"அது ஓடறதுக்குத் துணைப் பொதிகளும் வேணும்கா. மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டா வந்துடுவாரா? சித்தப்பா, பெரியப்பா, ஒண்ணுவிட்ட மச்சான்னு மொத்தப் பேரும் கூட வரணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் மாப்பிள்ளை அங்கே வந்து முறுக்கிக்குவார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"உனக்கென்னடா தலையெழுத்து? வேற யாராவது போகட்டுமே."

"அதுல ஒருத்தருக்கு அம்பது வயசுக்கா. போன மாசம்தான் தன் பேரைத் தட்டச்சு பண்ணக் கத்துக்கிட்டார். அன்னைக்கு அவர் குதிச்ச குதியை நீ பார்த்திருக்கணும்!"

"உன்னை விடுவாங்களா?"

"பெரிய அதிகாரியே கடிதம் கொடுத்திருக்கார். வாரம் ரெண்டு நாள்."

"சாயங்காலம் வந்துடுவே இல்லே?"

"டீ போட்டு வை. ஆறறதுக்குள்ளே வந்துடறேன்."

கடைசிப் பொதியும் இறங்கியது. பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மனசு கேட்காமல் அக்காவே ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தான் தம்பி. அந்த உயரமான இரும்புக் கதவைப் பார்த்ததும் அவள்தான் வண்டியைச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டாள்.

வாசல் காவலர் அவனைக் கண்டு வாயைப் பிளந்தார்.

"யோவ், நேத்துதானே உன்னை விடுதலை பண்ணி அனுப்பினோம்? ஜெயில் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

தம்பி கடிதத்தை நீட்டினான். படிக்கப் படிக்கக் காவலரின் முகம் மலர்ந்தது. கையில் எடுத்திருந்த கைதிகள் பதிவேட்டை மூடிவைத்தார். எழுந்து நின்று, ஆசிரியர்களுக்கான பதிவேட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்க, சார்!"