பதினோராவது நிபந்தனை

நூற்றுப் பதினெட்டு.

கைப்பேசியில் ஓடிய விநாடிக் கணக்கை நிறுத்திவிட்டு, தூதரகப் பாதுகாப்பு அதிகாரி எண்ணைப் படிவத்தில் எழுதினார். எழுதும்போதே எரிச்சலாக வந்தது.

தொண்ணூறு விநாடிக்குள் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாடிப் படுக்கையறையிலிருந்து தரைக்குக் கீழே இருக்கும் பங்கர் வரை. பத்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை, தனியாக. தூதரகக் குடும்பங்கள் திரும்பி வரலாமா என்று முடிவெடுக்கத் தலைமையகம் பதினொரு நிபந்தனை போட்டிருந்தது. இதுதான் கடைசி. விமான நிலையம் திறந்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. குழாயில் தண்ணீர் வருகிறது. சண்டை நின்று ஐந்து வாரம். எப்போதாவது ஒரு சைரன், அவ்வளவுதான்.

ஓடிக்காட்டக் குழந்தைதான் இல்லை. எல்லாரையும் முதல் விமானத்திலேயே ஏற்றி அனுப்பியாயிற்று. அவருடைய மகள் மிருதுளாவையும்தான். கோயம்புத்தூரில் அத்தை வீட்டிலிருந்து தினமும் கேட்கிறாள், "எப்பப்பா நாங்க வரலாம்?"

மிச்சம் இருந்தது தன்ஷிகா ஒருத்தி. சமையல்காரர் சேவுகனின் மகள், ஏழு வயது. சேவுகனை இந்த ஊரிலேயே வேலைக்கு எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களின் பெயர் விமானப் பட்டியலில் வராது.

பங்கரில் பதினெட்டுப் பேருக்குத்தான் காற்று. குடும்பங்கள் போய்விட்டதால் இடம் கிடந்தது. சண்டை நடந்த நாற்பத்தொரு நாளும் சேவுகன், மனைவி, பிள்ளை மூவரும் அங்கேதான் பாய் விரித்தார்கள். அவரும் அங்கேதான் படுத்தார். குண்டு விழும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

இன்னமும் அவர்கள் பாய் அங்கேதான். வாடகை வீட்டுக்குக் கூரை போய்விட்டது.

"இன்னொரு தடவை வா பாப்பா."

நூற்று இருபத்தாறு.

கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். நடுவில் நின்று செருப்பு வாரை வேறு சரிசெய்துகொண்டாள். அடேயப்பா, என்ன ஒரு நிதானம்! போன மாதம் சைரன் கேட்டுத் தெருமுனையிலிருந்து இதே பிள்ளை பறந்து வந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா இவ்வளவு மெதுவா வர்ற?"

"அப்பாதான் மெதுவா வரச் சொன்னாரு அங்கிள். வேகமா வந்தா மிருதுளா அக்காவெல்லாம் வந்துருவாகளாம். அப்புறம் எங்களுக்கு இங்க இடம் இருக்காதாம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடிக் கைப்பிடிக்கு மேல் சேவுகனின் தலை தெரிந்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. பெற்றவன் அப்படித்தான் சொல்லுவான். அவரும் பெற்றவர்தானே.

"பரவாயில்லடா கண்ணு. இப்பவும் மெதுவாவே வா. போ."

அவள் சிரித்துக்கொண்டே மேலே ஏறினாள்.

அவள் அறைக்குள் போய்ச் சேரும்வரை காத்திருந்தார். பிறகு பங்கர் கதவுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

கட்டடம் முழுக்க சைரன் அலறியது.

சத்தம் கேட்டால் யார் முகத்தையும் பார்க்காதே, யார் பேச்சையும் கேட்காதே, ஓடு. அந்த நாற்பத்தொரு நாளில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"சும்மா போடுறாக ஆத்தா! ஓடாத! நில்லு தாயி!" என்று மேலே சேவுகன் கத்துவது கேட்டது.

செருப்பில்லாமல் வந்தாள். கடைசித் திருப்பத்தில் விழுந்தாள். எழுந்தாள். அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்து, தன் மூலையில் குந்தி, காதைப் பொத்திக்கொண்டாள். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

ஐம்பத்திரண்டு.

"அங்கிள், கதவச் சாத்திராதீங்க! அப்பா இன்னும் வரல!"

அவர் படிவத்தை எடுத்தார். எண்ணை எழுதினார். முதல் இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் 'பயிற்சி' என்று போட்டார். பதினோராவது நிபந்தனைக்கு எதிரே டிக் அடித்தார். பிறகு சைரனை நிறுத்தினார்.

சேவுகன் இறங்கி வந்தார், ஒவ்வொரு படியாக. அதிகாரியின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்தாப் போதும் சேவுகன். இன்னிக்கேன்னு இல்ல."

சேவுகன் இரண்டாவது பாயைச் சுருட்டினார்.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. அப்பா கூப்பிட்டும் அசையவில்லை. அதிகாரிக்குக் காரணம் தெரியும். ஆபத்து நீங்கிவிட்டது என்று இன்னொரு சத்தம் ஒரே நீளமாக வரும். அது வரும்வரை வெளியே போகக் கூடாது. அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

நீளமாக ஒலித்து நின்றது.

தன்ஷிகா உடனே தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. சின்னப் பாயை அவளே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."