முதல் வேலை பாலம்

"எட்டு வருஷமா கவுன்சில்ல உட்கார்ந்திருக்கீங்களே டுவைட், ஓடைக்கு அந்தப் பக்கம் நாங்களும் மனுஷங்கதான்னு தெரியுமா?"

ஜெனெல் கேட்டதும் தீயணைப்பு நிலையக் கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. மாவட்டம் போன்ற கவுண்டியின் கவுன்சிலுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தல். களத்தில் இருந்தது அவர்கள் இருவர்தான். உங்கள் முன்னுரிமை என்ன என்று கேட்க மேடையேற்றியிருந்தார்கள்.

"ஜெயிச்சா எனக்கு முதல் வேலை அந்த ஓட்டைப் பாலம். உங்களுக்கு?"

டுவைட் தாடையைச் சொறிந்தார். "நீ சொல்றது நியாயம் பொண்ணே. எனக்கும் இனி அதுதான்."

"வாயால சொல்லி எத்தனை நாள் ஏமாத்துவீங்க? பதவியிலதானே இருக்கீங்க? இந்த மாசமே வேலை ஆரம்பிக்கணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்."

கிழவரைப் பணிய வைத்துவிட்ட மகிழ்ச்சியில், அவள் காரில் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, அவள் ஊருக்குக் கிளம்பி வந்தபோது பாலத்தின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். இயந்திரங்கள் உறுமின. ஆத்திரத்தோடு டுவைட்டைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்கணுமா?"

"நீதானேம்மா அவசரப்படுத்துன? மாசம் முடியப் போகுதே!"

அவள் பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றிலும் அவள் பெயர்தான் ஒட்டியிருந்தது. முதல் வண்டியிலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரர் தலையை நீட்டினார்.

"உனக்கு ஓட்டுப் போடத்தான் எல்லாரும் கிளம்பினோம் ஜெனெல். ஊருக்குள்ள இருக்கிற ஓட்டுச்சாவடிக்குச் சுத்திப் போனா பொழப்பு கெட்டுடும்."

வண்டியைத் திருப்பியபடியே சொன்னார்: "இருந்தாலும் டுவைட் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரும்மா!"